மூலையை நம்பாதவர்

அறையைக் காலி செய்துகொண்டு போகிற அன்று, "எங்க மேடம் போறீங்க?" என்று மரியாதைக்குத்தான் கேட்டேன். அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு?" என்றார்.

அவருடைய விலாசம் இன்றுவரை எங்களிடம் இல்லாததற்கு அதுதான் காரணம். எங்கள் கடை மாடியில் பல வருடம் ஆபீஸ் வைத்திருந்தவர், அடுத்து எங்கே இருக்கப்போகிறார் என்றுகூடச் சொல்லாமல் போனார். அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் எண்ணூரில் அண்ணனுடைய டைல்ஸ் ஷோரூமுக்குப் போகிறபோதெல்லாம் அவரை நினைக்காமல் உள்ளே நுழைய முடிவதில்லை.

எங்களுக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பெயின்ட், ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் இங்கேயே பிறந்தவன். அண்ணனுக்கு மட்டும் ஊர்ப்பேச்சு நாக்கிலேயே தங்கிவிட்டது. மாடி அறைக்கு வந்தவர் ஆர்க்கிடெக்ட். ஐம்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், தோளில் கான்வாஸ் பை. வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து, அரசுக் கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர். படித்ததற்காகப் பேச்சை மாற்றிக்கொண்டவர் இல்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் போனில் வந்தாலும் "இன்னா சார்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அறை பார்க்க வந்த முதல் நாளே எங்களுக்குள் உரசல். வழக்கமாக வருகிறவர்கள் தண்ணீர் வருமா, தனி மீட்டரா என்று கேட்பார்கள். இவர் "உருண்டையா எதுனா கீதா?" என்று கேட்டார். ஒன்றும் புரியாமல், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கிவைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அதை அறையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பழம் கொஞ்சம் யோசித்தது. பிறகு ரோட்டுப் பக்கச் சுவரைப் பார்த்து மெதுவாக உருண்டு போய் முட்டிக்கொண்டு நின்றது.

"உங்க மாடி ரோட்டாண்ட சாயுது தம்பி."

"தண்ணி வடியறதுக்காக அப்படிக் கட்டியிருப்பாங்க மேடம்."

"மொட்டை மாடின்னா சரி. ரூமுக்குள்ள இன்னாத்துக்குத் தண்ணி வடியணும்?"

நான் குனிந்து பழத்தை எடுத்துக்கொண்டேன். அவர் கீழே இறங்கிப் போனதும் அண்ணன், "இந்தம்மா நமக்கு வேண்டாம்ல. வந்ததும் குத்தம் சொல்லுது" என்றார். ஆனால் மறுநாளே அவர் அட்வான்ஸோடு வந்துவிட்டார். குறை சொன்ன அறையை ஏன் எடுக்கிறார், இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. பின்னால் ஒரு நாள் கேட்டேன். "சாயுதுன்னு தெரிஞ்சிகினு குந்தறதுல ஒண்ணும் பயமில்ல. நேரா கீதுன்னு சொல்ற எடத்துலதான் எனக்கு பேஜாரா கீது" என்றார்.

எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அதனால் தெருவில் அவருக்குத் 'தட்டுற மேடம்' என்று பெயர். டீக்கடை மேஜையைத் தட்டுவார். எங்களிடம் பெயின்ட் வாங்கினால், சீல் உடையாத டப்பாவைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பார். வாடிக்கையாளர்கள் நிற்கும்போது அப்படிச் செய்தால் எனக்கு மானமே போகும். ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களோடு வந்திருந்தார். மணமக்களை வாழ்த்துகிற வரிசையில் நிற்கும்போது பக்கத்திலிருந்த பூவேலை செய்த பெரிய தூணை லேசாகத் தட்டிவிட்டு, என் காதருகே குனிந்து, "ஜிப்சம். உள்ளாற காத்துதான்" என்றார். மேடையில் போட்டோ எடுக்கும்போது நான் மாப்பிள்ளையைப் பார்க்காமல் தூணையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பாரம் எங்க போவுது?" கட்டடத்தைப் பார்த்துக் கேட்டால் சரி. மனிதர்களைப் பார்த்தும் கேட்பார். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அந்த வூட்ல பாரம் பெரியவர் மேல இல்ல தம்பி. ரெண்டாவது மருமவ மேல. அந்தப் பொண்ணு மட்டும் குந்தி நான் பார்த்ததே இல்ல" என்றார். ஒரு நாள் என்னிடமே, "உங்க கடைல பாரம் யார் மேல? அண்ணாச்சி மேலயா, உம்மேலயா?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் எதையோ கிளப்பிவிடப் பார்க்கிறாரோ என்று ஒரு வாரம் அவரிடம் சரியாகப் பேசவில்லை.

அவருடைய சந்தேகம் தப்பாகப் போனதும் உண்டு. எதிர் வீட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். தினமும் வேலை முடிந்து வரும்போது மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவார். ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மேடம், "தெனம் பூ வாங்கினு வரான்னா எங்கியோ ஓட்டை கீது. அத்தப் பூசிகினு கீறான்" என்றார். அவரைப் பற்றி அங்கே இங்கே விசாரிக்கவும் செய்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பூ பிடிக்கும், அந்த ஆளுக்கு அந்த அம்மாவைப் பிடிக்கும், அவ்வளவுதான். பல மாதம் கழித்து மேடம் ஒரு முழம் பூவை வாங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய், "உங்க வூட்டுக்காரரைத் தப்பா நெனச்சிட்டேம்மா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடம் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்காரரைப் பத்தி என்ன பேச்சு நடந்துச்சு?" என்று சந்தேகமாகக் கேட்டார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. மழை பெய்துகொண்டிருந்தது, இறங்கிப் போக முடியாமல் கடையில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அவர்கள் குடியிருப்பைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று சொல்லிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்களாம். "ரோட்டாண்ட பக்கம் ஒண்டி அடிச்சாங்க தம்பி. நாங்க பின் பக்கம். எங்க செவுத்துல கை நுழையற மாதிரி விரிசல். வந்தவங்க ரோட்லயே நின்னு, சோக்கா கீதுன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. எங்கம்மா ஜன்னல் வழியா கையக் காட்டிகினே இருந்துச்சு." சொல்லிவிட்டு மழை விட்டுவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்தார். எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் அறையில் சாமி படம் கிடையாது. மேஜைமேல் சின்னதாக ஒரு புத்தர். சுவரில் பெரிதாக இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள், பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் தொழிற்சாலைகள். இவர் கட்டியதாக இருக்கும் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு மேடம் சிரித்துவிட்டார். இரண்டும் நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் கட்டடங்கள். நவீனக் கட்டடக்கலை பிறந்த கதையைச் சொன்னால் இந்த இரண்டும் வராமல் இருக்காதாம்.

முதலாவது பெர்லினில் இருக்கிறது. மின்சாரம் உண்டாக்குகிற டர்பைன் செய்வதற்காகக் கட்டியது. முகப்பின் நடுவில் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பருத்த கான்கிரீட் மூலை. விளிம்பு வளைந்து, குறுக்குக் கோடுகள் ஓடி, மேலே போகப் போக உள்ளே சாய்ந்து, மொத்தக் கூரையையும் அதுதான் தோளில் சுமக்கிறது என்பதுபோல நிற்கும். இரண்டாவது ஒரு சின்ன ஊரில், செருப்புத் தைக்க உள்ளே வைக்கிற மரக்கால் செய்கிற தொழிற்சாலை. அதன் மூலையில் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் வந்து மூலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. தூணைக் காணோம். முதலாவதைக் கட்டியவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் வெளியே வந்து, இன்னொருவரோடு சேர்ந்து இரண்டாவதைக் கட்டினாராம்.

"மொதல்ல கீறானே, இவன் மூலை சும்மா உதாரு" என்பார். "மெல்லிசு கான்கிரீட். ஒண்ணும் தாங்கல. தூக்கறது எல்லாம் சைடுல தெரியுது பாரு, அந்த இரும்புக் காலுங்க. ரெண்டாவது ஆளு அந்த உதாரையே கழட்டிட்டான். மூலையில ஒண்ணும் வேணாம்டா, கண்ணாடியே போதும்னு நிறுத்திட்டான். இன்னொண்ணு பாரு. மொதப் படத்துல இரும்புத் தூணு நேரா நிக்குது, கண்ணாடி உள்ளாற சாயுது. ரெண்டாவதுல கண்ணாடி நேரா நிக்குது, செங்கல் தூணு உள்ளாற சாயுது. அப்டியே உல்டா."

"அப்போ ரெண்டாவதுதான் நல்ல கட்டடம்" என்றேன்.

"நானும் ரொம்ப நாளு அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். இப்ப அவன் மேலதான் டவுட்டு. தூணை எடுத்துட்டா பாரம் பூடுமா? எங்கயும் போவல. உள்ளாற தள்ளி வெச்சிகிறான். மொதலாமவன் பீலா வுட்டான், தட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும். இவன் ஒண்ணுமே மறைக்கலன்னு கண்ணாடி போட்டுக் காட்றான் பாரு, இவனாண்டதான் உஷாரா இருக்கணும்."

ஒரு நாள் முதலாவதை ஏசுவார், ஒரு நாள் இரண்டாவதை. எதை அதிகம் நேசித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பேசும்போது முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

எண்ணூரில், நெட்டுக்குப்பம் போகிற வழியில், அண்ணன் ஒரு பழைய ஷெட்டை வாங்கினார். ஒரு காலத்தில் ஆணியும் போல்ட்டும் செய்த இடம். பக்கவாட்டில் வரிசையாக இரும்புத் தூண்கள், அவற்றின்மேல் கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டம், ட்ரஸ் என்பார்கள், அதன்மேல் சிமென்ட் ஷீட். ரோடு திரும்புகிற இடத்தில் பருத்து வளைந்து குறுக்குக் கோடு போட்ட ஒரு மூலை. பெர்லின் படத்தைப் பார்த்து யாரோ கட்டியதுபோல இருந்தது. மாற்றிக் கட்டித் தரச் சொல்லி நாங்கள் கூட்டிப்போன மேடம், அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாய் விட்டு "ஐயோ" என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

அண்ணனுக்கு அங்கே டைல்ஸ் ஷோரூம் வைக்க ஆசை. தை மாதம் திறப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மேடத்தின் அறைக்கு வந்து படங்களைப் பார்த்தவர், இரண்டாவது படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், நம்ம மூலையும் இப்படிக் கண்ணாடி ஆக்கிப்புட்டா என்ன? லாரிக்காரன் திரும்பும்போதே உள்ள டைல்ஸ் மின்னுதது தெரியும்லா."

"பண்ணலாம்."

"அப்ப நம்ம மூலையும் இந்த மொத படம் மாதிரி வேஷம்தான? ஒண்ணும் தாங்கலல்லா?"

"அப்டித்தான் டவுட்டா கீது அண்ணாச்சி. உள்ளாற ஒரு இரும்புத் தூணு ஒளிஞ்சிகினு இருக்கும், அது தாங்கும்னு தோணுது. தொறந்து பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் தொறக்கணும். டைம் ஆவும்."

டைம் ஆகும் என்ற சொல்தான் அண்ணனைக் கெடுத்தது. அதே வாரம் இரண்டு பேர் கேமராவோடு மேடத்தைப் பார்க்க மாடிக்கு வந்து போனதையும் கவனித்துவிட்டார்.

"ஏல, அவிய யாரு தெரியுமா? பழைய கட்டடத்த இடிக்கக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதுத கூட்டம். இந்தம்மா அந்த மூலையைப் பாத்து எப்படி உருகினாவ, பாத்தேல்லா? நம்மள இழுத்தடிச்சு, ஷெட்டை அப்படியே வைக்கச் சொல்லப் போறாவ."

எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒரு மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் குட்டியானை வண்டி நின்றது. உள்ளே மேடம் தனியாக இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, தளம் போடும்போது கீழே கொடுப்போமே இரும்பு ஜாக்கி, அதை மூலைக்குப் பக்கத்தில் வரிசையாக ட்ரஸ்ஸுக்கு முட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எதுக்கு மேடம் இது?"

"அளவெடுக்க."

அளவெடுக்க முட்டு எதற்கு? நான் நம்பவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. வேலை முடிந்ததும் எல்லா ஜாக்கிகளையும் ஒரே சங்கிலியால் சுற்றிப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பூட்டு வேற எதுக்கு?"

"நீங்க எடுத்துடுவீங்க."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு அதற்கு மேல். "நம்ம எடத்துல நமக்கே பூட்டா? என்னைத் திருடன்னு நெனச்சாவளா?" என்று குதித்தார். அன்றோடு மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்.

மேடம் ஒரு காரியமாக அரக்கோணம் போன நாள் பார்த்து, அண்ணன் திருவொற்றியூரிலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். நானும் போனேன். "மேடம் வந்துரட்டும்ணே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அந்தம்மா வாயாலதானல சொன்னாவ, மூலை வேஷம்னு. படிச்சவுக சொன்னத நம்பாம வேற யாரு சொன்னா நம்புவ?"

மேஸ்திரியும் மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தொம்மு தொம்முன்னு கேக்குது சார். உள்ள காலியா கீது" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து ஜெயித்த மாதிரி ஒரு பார்வை பார்த்தார். முட்டுகளை எடுத்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். பூட்டை உடைக்க மெஷின் கொண்டுவர வேண்டும், அது பாட்டுக்கு நிற்கட்டும், நமக்கு இடைஞ்சல் இல்லை என்று அண்ணன் விட்டுவிட்டார். எரிச்சலில் சொன்ன அந்த வார்த்தையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் டீ வாங்கி வர ரோட்டுக்கு வந்திருந்தேன். மேஸ்திரி வெளியிலிருந்து மூலையின் அடியில் உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே, மூலைக்கு நேர் கீழே நின்று, கண்ணாடி எங்கிருந்து எங்கே வரும் என்று கைகளை விரித்து அளந்துகொண்டிருந்தார். முதலில் ஒரு முனகல் கேட்டது. லாரி பிரேக் பிடிக்கிறது என்றுதான் நினைத்தேன். அடுத்து மூலை அப்படியே உட்கார்ந்தது. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. சிமென்ட் ஷீட்டுகள் உடைந்து ரோட்டில் விழுந்தன. "அண்ணே" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

தூசி அடங்கியபோது மேஸ்திரி ரோட்டில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிராய்ப்புத்தான். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார், விரித்த கையை மடக்காமல், தலையெல்லாம் சுண்ணாம்பு. அவர் தலைக்கு மேலே ட்ரஸ் ஒரு சாண் இறங்கி, மேடத்தின் ஜாக்கிகள் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு ஜாக்கி வளைந்திருந்தது. சங்கிலி விறைத்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடிப் போய் அண்ணனைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவ்வளவு பெரிய மனுஷன், சின்னப் பிள்ளைமாதிரி இழுத்த பக்கம் வந்தார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "கீழ யாரு?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றதும் போனை வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தார்.

வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராக இடிந்த மூலைக்குப் போய்க் குந்தினார். அவர் சொன்னதுபோலவே உள்ளே ஒரு இரும்புத் தூண் ஒளிந்திருந்தது. ஆனால் உப்புக்காற்றில் அரித்து, அடிப்பாகமே இல்லை. மிச்சமிருந்ததை விரலால் தொட்டார். பக்கோடாத்தூள் மாதிரி உதிர்ந்தது.

"இவன் என்னிக்கோ செத்துட்டான்" என்றார் மெதுவாக. "வேஷத்துக்குன்னு சுத்தி நிக்க வெச்ச செவுருதான் இத்தினி வருசமா தூக்கிகினு இருந்துகீது. யாருக்கும் தெரியாம. நானும் இத்தப் போயி உதாருன்னு சொன்னேனே."

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். செங்கல் குவியலில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது. பயம் போனதும் அவருக்குக் கோபம்தான் முதலில் வரும். "நீங்கதான மேடம் சொன்னீய, அது வேஷம்னு? உங்களை நம்பித்தான செஞ்சேன்?"

மேடம் எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் டவுட்டுன்னு சொன்னேன் அண்ணாச்சி. நீங்க அத்தப் போய் நம்பிட்டீங்க."

"அப்ப முட்டு எதுக்குக் குடுத்தீய? நான் இடிப்பேன்னு நெனச்சா?"

"அதுவும்தான். அதைவிட, என் டவுட்டு மேலயே எனக்கு டவுட்டு."

அண்ணன் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "என்னை ஒரு நாள்கூட நம்பலயே அந்தம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வருத்தமா நன்றியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்காது.

அடுத்த சில நாட்கள் வேறு பயம். அனுமதி இல்லாமல் இடித்ததை மேடம் மாநகராட்சிக்கு எழுதிப்போட்டால் ஷோரூம் அவ்வளவுதான். கேட்டு வரச் சொல்லி அண்ணன் என்னை மாடிக்கு அனுப்பினார். மேடம் மூலையின் புதுப் படத்தை வரைந்துகொண்டிருந்தார்.

"நான் எழுதிப் போட்டா அந்த மூலைய யார் கட்டுவா? உங்கண்ணன் இன்னொரு மேஸ்திரியக் கூட்டிகினு போவாரு" என்றார். சுவரைப் பார்த்தேன். இரண்டு படங்களும் இருந்த இடத்தில் வெறும் ஆணிகள். கழற்றி எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

முறையாக அனுமதி வாங்கி வேலை ஆரம்பித்தது. இந்தத் தடவை அண்ணன்தான் மேடத்தைவிட மோசம். கம்பியைத் தட்டுவார், ஜல்லியை அள்ளி முகர்வார், "உள்ள பாத்தியளா? நல்லா பாத்தியளா?" என்று மேடத்தையே கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார். மேடம் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் திறந்து காட்டினார். கண்ணாடி மூலை வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். பழையபடியே பருத்த மூலை, ஆனால் உள்ளே நிஜமாகவே தாங்குகிற புதுத் தூண். தை போய் மாசியும் முடிந்து, பங்குனியில் திறப்பு வைத்தோம்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மூலை இடிந்த கதை அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. வந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள், டைல்ஸைத் தடவிப் பார்த்தார்கள், உட்காரும்போது மட்டும் நாற்காலியை இழுத்து இந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூலையைச் சுற்றிப் பாதி ஹால் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினால் பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணன் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

மேடம் தாமதமாகத்தான் வந்தார். உள்ளே நுழைந்து, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் தேய இழுத்துக்கொண்டு போய் மூலைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். ஹாலே அவரைத் திரும்பிப் பார்த்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். குனிந்து, "பரவாயில்லையே மேடம், ஒருவழியா நம்பிக்கை வந்துடுச்சு" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றார் தட்டை வாங்கிக்கொண்டே. "நான் கட்டினது தம்பி. வுழுந்தா மொதல்ல என் மேல வுழட்டும்னு குந்திகினு கீறேன்."

பின்னால் திரும்பினால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதைக் கேட்டார் என்று தெரியவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து மேடத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மேடம் கேசரித் தட்டை அவர் பக்கம் நீட்டினார். அவர் இவரைப் பார்க்கவில்லை, இவர் அவரைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.